சாந்திவனத்தில் பத்து நாள்

அம்மா போன பிறகு என் கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த கைகள். வீட்டைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்காதான் சொன்னாள், "எங்கேயாவது போய்ப் பத்து நாள் சும்மா இருந்துட்டு வா."

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் நினைவுக்கு வந்தது. கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவள் நான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அந்த இடத்தைப் பற்றி நல்ல பேச்சு இருந்ததில்லை. சாமியார்கள் காவி கட்டுகிறார்கள், விபூதி பூசுகிறார்கள் என்று சித்தப்பா முகம் சுளிப்பார். அது ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், சபைத் துறவிகளின் மடம் என்பதையே நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அங்கே தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. எத்தனை நாள், எந்தத் தேதி என்பதெல்லாம் சுலபமாக எழுதிவிட்டேன். எதற்காக வருகிறேன் என்று ஒரு வரி எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது. கடைசியில் அக்கா சொன்னதையே எழுதினேன். பதில் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு திங்கட்கிழமை திருச்சியிலிருந்து கரூர் பஸ் ஏறினேன். பேட்டைவாய்த்தலை தாண்டியதிலிருந்து ஜன்னல் பக்கம் காவிரி வந்துகொண்டே இருந்தது, பாதிக்கு மேல் மணலாக.

வாசலில் சின்னக் கோபுரம். உள்ளே கோயில், அதை அப்படித்தான் சொல்ல வேண்டும். விமானம் இருக்கிறது, இருட்டான மூலஸ்தானம் இருக்கிறது. விமானத்தில் மாதாவும் ஆசீர்வாதப்பரும் நம் ஊர்ச் சிற்ப முறையில் நிற்கிறார்கள். காலைச் செபத்தில் நெற்றிக்குச் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. பூசையில் காணிக்கைத் தட்டில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைத்து, சாம்பிராணியும் கற்பூரமும் காட்டுகிறார்கள். முதல் மாலை விபூதித் தட்டு என் முன்னால் வந்தபோது கை எழவில்லை. சித்தப்பா முகம் வந்து நின்றது. தட்டை அப்படியே அடுத்தவரிடம் நகர்த்திவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

விடியுமுன் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம் தியானம். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணை மூடினால் அம்மாவின் இருமல் கேட்கும், எழுந்து ஓடத் தோன்றும். மூன்றாம் நாள் காலை பையைக் கட்டிவிட்டேன். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனால், அடுக்களைப் பக்கம் தரையில் வாழைப்பூ குவிந்து கிடந்தது. காலையில் விருந்தினர்கள் சேர்ந்து உட்கார்ந்து காய் நறுக்குவது அங்கே வழக்கம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா பூவைக் கத்தியால் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிவிட்டு, ஒரு மடலைத் தூக்கி, உள்ளே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பூக்களைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு பூவிலும் குண்டூசி போலத் தலை தடித்த கள்ளன் ஒன்று இருக்கும். அடியில் நகக்கண் அளவுக்குக் கண்ணாடி போல ஒரு செதில். இரண்டையும் இழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேகாது. நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. பத்தாவது பூவில் கள்ளனைச் சரியாக எடுத்துத் தூக்கிக் காட்டினார். மதியச் செபத்துக்கு மணி அடித்தபோதுதான் பஸ் போய்விட்டது நினைவு வந்தது. சரி, நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

நூலகத்தில் ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறை நூலை எடுத்துப் படித்தேன். ஆறாம் நூற்றாண்டில் எழுதியது, 73 அதிகாரம். 53ஆவது அதிகாரம், வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்கச் சொல்கிறது. எனக்கு அதைவிட 31ஆவது பிடித்தது. மடத்தின் பாத்திரம் பண்டங்களையெல்லாம் பீடத்துத் திருப்பாத்திரங்களைப் போல நினைக்க வேண்டுமாம். அம்மாவின் கஞ்சிக் கிண்ணம் நினைவுக்கு வந்தது.

இந்த மடத்தின் கதையையும் அங்கேதான் படித்தேன். பிரான்சிலிருந்து 1939இல் வந்த மோன்ஷனன் சாமியார் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பங்குப் பணி செய்துகொண்டிருந்தார். பிரிட்டனி கடற்கரை மடமொன்றில் இருந்த ஹென்றி லெ சோ என்ற துறவிக்கு 1934லேயே இந்தியா மேல் மனது போய்விட்டது. அனுமதி கிடைத்து வந்து இறங்கியது 1948இல். பதினான்கு வருஷம்! 1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, காவிரிக்கரை மாந்தோப்பில் இரண்டு பேரும் குடிசை போட்டு ஆசிரமம் தொடங்கினார்கள். மோன்ஷனன் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். சேர வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. சிகிச்சைக்குப் பாரிஸ் போன மோன்ஷனன் 1957இல் அங்கேயே இறந்தார். அபிஷிக்தானந்தருக்கு மனசு திருவண்ணாமலைக் குகைகளுக்கும், பிறகு இமயமலைக்கும் இழுத்தது. 1968இல் கேரளத்தின் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி இரண்டு பேருடன் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் மடம் நிலைத்தது. ஆசீர்வாதப்பர் சபையின் ஒரு கிளையான கமால்தோலி சபையோடு அது சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். அவர் 1993இல் இறந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது.

மோன்ஷனனைத்தான் நான் நிறைய நினைத்தேன். அந்தப் பதினெட்டு வருஷக் கதையை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் போகும்போது தோப்பில் புதிதாகச் சேர்ந்து நிலைத்தவர் ஓர் ஆள்கூட இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே வேண்டாம், வெயில் தாங்காது. டார்ச்சும் கொசுவர்த்தியும் கொண்டுபோங்கள். தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட வேண்டும், சைவம்தான். தியானத்தில் இருமல் கேட்டால் கேட்கட்டும். ஆறாம் நாளிலிருந்து நான் எழுந்து ஓட நினைக்கவில்லை, உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி மாலை தட்டு வந்தபோது விபூதி எடுத்துப் பூசிக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் வாழைப்பூக் கறை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்வரை போகவில்லை.