‘நாளை வா’ முதல் ‘வெறுங்கை’ வரை: கம்பன் வாசிப்புக் குறிப்புகள்

ஜனவரி 13, 2025, போகி

கூரை விளிம்பில் காப்புக் கட்டியாயிற்று: வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபூளை. கம்பராமாயண யுத்த காண்டத்தின் முதற்போர் புரி படலம் முடிகிற இடத்தை, படை இழந்து நிற்கும் இராவணனிடம் இராமன் பேசுவதைப் படிக்க அந்தப் பூளையில் ஒரு கொத்து கையில் இருந்தால் நல்லது.

“ஆள் ஐயா! உனக்கு அமைந்தன மாருதம் அறைந்த
பூளை ஆயின கண்டனை. இன்று போய், போர்க்கு
நாளை வா” என நல்கினன் – நாகு இளங் கமுகின்
வாளை தாவுறு கோசல நாடுடை வள்ளல்.

மாருதம் என்றால் காற்று. பூளைக் கதிரை உருவி ஊதிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சாகப் பறக்கும். இராவணன் படை அப்படிப் போயிற்று. ‘விடுத்தனன்’ என்று சொல்லியிருக்கலாம். கம்பன் ‘நல்கினன்’ என்கிறான். நல்குவது கொடை. பகைவனுக்கு உயிரைக் கொடுத்ததால்தான் ‘வள்ளல்’. இளங்கமுகின் மேல் வாளை மீன் துள்ளும் நாட்டுக்காரனுக்குக் கொடுப்பது பழக்கம்!

ஜனவரி 15

அடுத்தது கும்பகருணன் வதைப் படலம், முதல் பாட்டு. தோற்ற இராவணன் ஊர் திரும்புகிறான்.

வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்,
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்,
தார் அணி மௌலி பத்தும், சங்கரன் கொடுத்த வாளும்,
வீரமும், களத்தே போட்டு, வெறுங் கையோடு இலங்கை புக்கான்.

அறுசீர் விருத்தம், அடிக்கு ஆறு சீர். விளம், மா, தேமா என்ற சீர் வாய்பாடுகள் அடிக்கு இரண்டு முறை வரும்: வாரணம் / பொருத / மார்பும். சந்தி பிரித்த பதிப்பை அப்படியே வாசித்தால் இரண்டு இடத்தில் இடறும். ‘முனிவற்கு ஏற்ப’வை ‘முனிவற் / கேற்ப’ என்றும், கடைசி அரையடியை ‘வெறுங்கையோ / டிலங்கை / புக்கான்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘கை’யை நீட்டக் கூடாது, இது ஐகாரக்குறுக்கம், அதாவது ‘ஐ’ குறுகி ஒலிப்பது. நீட்டினால் ‘வெறுங்கையோ’ விளமாக நிற்காது, ஓசை அங்கேயே முறியும்.

ஜனவரி 16

போட்டவற்றில் மௌலியும் (மகுடமும்) வாளும்தான் கீழே விழக்கூடியவை. மார்பும் தோளும் நாவும் உடம்போடு திரும்பி வந்தன; அவற்றின் புகழ் வரவில்லை. ‘வீரமும்’ என்ற சீருக்குப் பின் ஒரு மூச்சு நிறுத்துங்கள். ‘போட்டு’ வீட்டுப் பேச்சுச் சொல். அத்தனை பெருமைக்கும் பின்னால் அது வந்து விழும்போதுதான் பாட்டு நெஞ்சைப் பிசைகிறது.

ஜனவரி 19

‘மாதிரம் எவையும் நோக்கான், வள நகர் நோக்கான்’ என்று போகும் பாட்டில் ‘நோக்கான்’ நான்கு முறை (மாதிரம் என்றால் திசை). ஒவ்வொன்றிலும் குரலைத் தணித்துக்கொண்டே போகவேண்டும். மாதர்கள் அவனை நோக்க, அவன் ‘பூதலம் என்னும் நங்கை’யை மட்டும் நோக்கிப் புகுகிறான். தலைகுனிந்தான் என்று இந்தப் பாட்டில் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

பகைவர் சிரிப்பார்களே என்பதைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். ‘சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்.’