இலைக்குப் பின்னால் ஆப்பிள்

“படம் நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா.”

இதைச் சொல்ல மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. சொல்லி எட்டு மாதம் ஆகிறது. தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று பாதி நாள் தோன்றுகிறது. மீதி நாள், பியூரெட்டிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வாக்கியம் என் குரலிலேயே திரும்ப வருகிறது. அந்த ‘ம்மா’வோடு சேர்ந்து.

கேள்வி இதுதான்: “சார், இந்தப் படத்துல ஆப்பிள் எங்க இருக்கு?”

கேட்டவர் எங்கள் சாறு கம்பெனியின் லேபில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் கேரட்-பீட்ரூட் சாறு பாக்கெட்டின் ஆர்ட்வொர்க். முன்பக்கத்தில் நீர்த்துளி உருளும் இரண்டு கேரட். குறுக்கே வெட்டிய ஒரு பீட்ரூட், உள்ளே இருக்கும் வளையம்கூட எண்ணிவிடலாம். பின்பக்கத்தில் சேர்பொருள் பட்டியல்: கான்சென்ட்ரேட்டில் (நீரை வற்றவைத்த கெட்டிச் சாற்றில்) நீர் சேர்த்துத் தயாரித்த ஆப்பிள் சாறு 76%, கேரட் சாறு 15%, பீட்ரூட் சாறு 7%, எலுமிச்சைச் சாறு 2%, கடைசியாக வைட்டமின் சி. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினேன். ஆப்பிள் இருந்தது. கேரட் இலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வளைவு. அதுவரை அதை இன்னொரு பீட்ரூட் என்றே நினைத்திருந்தேன். முந்தைய மூன்று திருத்தங்களையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அப்போதுதான் அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தது. அவர் “சரி சார்” என்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். லேபிளில் எங்களுக்கென்று இருக்கும் வேலை எண்கள். பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையைக் காட்டும் அளவு), அமிலத்தன்மை, சர்க்கரை, வைட்டமின், சதவீதம், எழுத்தின் உயரம். அதில் ஒரு புள்ளி தவறினாலும் என் கழுத்துக்குத்தான் கத்தி. படம் மார்க்கெட்டிங்கின் வேலை. சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் என் டைட்ரேஷனில் அவர்கள் தலையிடுவதில்லை, நான் அவர்கள் கேரட்டில் தலையிடுவதில்லை. பெரிய இடத்தில் வேலை பார்க்கும் யாரும் இப்படித்தான் நாளை ஓட்டுகிறோம்.

அதைவிட, அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். கேரட் சாறு தனியாகப் பாட்டிலில் அடைக்க லேசான சரக்கில்லை. அதன் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-ஐ ஒட்டி இருக்கும். 4.6-க்கு மேலே போனாலே பாட்டுலிஸம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு வழி திறந்துவிடும். 2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டில் கேரட் சாறு குடித்தவர்களுக்கு அதனால்தான் உடல் செயலிழந்தது. குளிரில் வைக்க வேண்டிய சாறு குளிர் இல்லாமல் கிடந்திருக்கலாம் என்று பிறகு பேசப்பட்டது. ஆப்பிளும் எலுமிச்சையும் சேர்ந்தால் எங்கள் கலவையின் பி.எச். 4-க்குக் கீழே வந்துவிடும். நிம்மதியாகத் தூங்கலாம். ஆக ஆப்பிள் அங்கே சும்மா வந்து உட்காரவில்லை. இதைப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் நல்ல ஆசிரியன் என்று பெயராவது கிடைத்திருக்கும்.

ஆனால் அமிலத்துக்கு 76 சதவீதம் ஆப்பிள் தேவையா என்று அவர் அடுத்துக் கேட்டிருப்பார். தேவையில்லை. எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டினால் போதும். ஆப்பிள் அவ்வளவு இருப்பதற்குக் காரணம் அது இனிப்பு, நிறம் வெளிறியது, வாசனை அடக்கமானது. எந்தக் காய்க்குப் பின்னாலும் சத்தமில்லாமல் நின்றுகொள்ளும். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

முன்பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. உண்மை. ஒரு கரண்டி சர்க்கரை அந்தத் தொட்டிப் பக்கம் போனதில்லை. எங்களுக்கு வரும் ஆப்பிள் கான்சென்ட்ரேட் பீப்பாயைத் திறந்தால் தேன்போல இழுபடும், 70 பிரிக்ஸ். அதை அப்படியே ஊற்றினால், ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று போட, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதல் இடம் தராது. நீர் சேர்க்காத கான்சென்ட்ரேட்டைச் சர்க்கரைக்கு மாற்றாக வந்த பொருளாகத்தான் அது பார்க்கிறது. அதே பீப்பாயில் எடுத்ததற்குத் தண்ணீர் விட்டு 11.5 பிரிக்ஸுக்குக் கொண்டுவந்தால் பெயர் ஆப்பிள் சாறு. இப்போது அந்த வரி செல்லும். வித்தியாசம் தண்ணீர்தான். விதி முட்டாள்தனமானது என்று சொல்லமாட்டேன்; எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோட்டின் மேல் 20 வருடம் நடந்தவனுக்கு அது எவ்வளவு மெல்லியது என்பதும் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. பழச்சாற்றிலும் கான்சென்ட்ரேட்டிலும் இயற்கையாக இருக்கும் சர்க்கரையையும் அது ‘கட்டற்ற சர்க்கரை’ கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தில் இருப்பதைச் சேர்ப்பதில்லை. நாள் ஒன்றுக்கு ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்பது அதன் பரிந்துரை. 2000 கிலோகலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். எங்கள் பாக்கெட்டில் 100 மி.லி.க்கு 9 கிராம், 200 மி.லி. குடித்தால் 18. ஆப்பிளை நொதி போட்டு, வடிகட்டி, பளிங்குபோல் தெளியவைக்கிறோமே, அதில் நார்ச்சத்து ஏறக்குறைய எல்லாம் சக்கையோடு போய்விடுகிறது. இத்தனையும் தெரிந்தவன் அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை 0 கிராம்’ என்பதற்கு நேரே டிக் அடிக்கிறேன். இரண்டு கணக்கும் சரி. ஒரே பாக்கெட்.

வைட்டமின் சி கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். தெளிந்த ஆப்பிள் சாற்றில் அது பெயருக்குத்தான் இருக்கும், கேரட்டிலும் அதிகமில்லை. லேபிளில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராம் என்று போட்டிருப்பது வெள்ளைப் பொடியாகப் பையில் வருவது. அலமாரியில் கிடக்கக் கிடக்க அது குறையும் என்பதால் நிரப்பும்போதே கூடுதலாகப் போடுவோம். பொடியாக வந்தாலும் மூலக்கூறு அதேதான், அதில் எனக்கு உறுத்தல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வழக்கமான நீலச் சாய டைட்ரேஷனில் முடிவுப் புள்ளி இளஞ்சிவப்பு நிறம். பீட்ரூட் கலந்த சாற்றில் அது கண்ணுக்குத் தெரியாது, எல்லாமே சிவப்பு. அதற்காகவே இந்தச் சாற்றை, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் போடுகிறோம். அந்த ஆர்ட்வொர்க்கிலும் பீட்ரூட் நிறத்துக்குள்தான் ஆப்பிள் ஒளிந்திருந்தது. சரி, இதை நான் ரொம்ப இழுக்கக் கூடாது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் ஒரு கதை உண்டு. 2004-ல் நியூசிலாந்தில் 14 வயதுப் பள்ளி மாணவிகள் இருவர் அறிவியல் செயல்திட்டத்துக்காக ரிபீனாவைச் சோதித்தார்கள். ஆரஞ்சைவிட அதில் சேரும் பிளாக்கரன்ட் பழத்தில் வைட்டமின் சி நான்கு மடங்கு என்பது அந்தப் பானத்தின் விளம்பரம். அவர்கள் சோதித்த, அப்படியே குடிக்கும் வகையில் வைட்டமின் சி இருந்ததாகவே சொல்ல முடியவில்லை. 2007-ல் ஆக்லாந்து நீதிமன்றத்தில், அதை விற்ற கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 2,17,500 நியூசிலாந்து டாலர். இந்தக் கதையை முடிக்கும்போது நான் எப்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். “பழத்தைப் பத்திச் சொன்னது உண்மைதான், பாட்டிலுக்குள்ள இருந்ததுதான் வேற. கேள்வி கேக்க வயசு வேண்டாம்மா.”

இதை அவருக்கும் சொல்லியிருந்தேன், அந்தக் கேள்விக்கு ஆறு மாதம் முன்னால். ஆப்பிள் எங்கே என்று அவர் கேட்டது அந்தக் கதையின் விளைவா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்னொன்று பிறகுதான் கண்ணில் பட்டது. அவர் தன்னிச்சையாக எழுந்து வந்து கேட்டிருக்கவில்லை. லேபிள் ஒப்புதல் படிவத்தில் 17-வது கட்டம்: ‘முன்பக்கப் படம் சேர்பொருள் விகிதத்தோடு பொருந்துகிறதா?’ அதை நிரப்பத்தான் வந்திருக்கிறார். அந்தப் படிவத்தைப் பல வருடங்களுக்கு முன் எழுதியது நான். 17-வது கட்டத்தை, மார்க்கெட்டிங் ஆட்கள் எதிர்த்தபோதும் விடாமல் சேர்த்தது நான். அவர் அதில் நீல மையில், சின்ன எழுத்தில், ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இந்தக் கேள்வி நமக்குப் பொருந்தாது’ என்று நான் சொன்னதை எழுதினாரா, ‘படம் பொருந்தவில்லை’ என்று தான் நினைத்ததை எழுதினாரா? தமிழில் இரண்டுக்கும் அதே சொல்தான். கீழே என் கையெழுத்து இருந்தது.

அப்புறம் சமாதானம் தேடி ஒரு வழக்கைப் போய்ப் படித்தேன். கோகோ கோலா நிறுவனம் ‘மாதுளை புளூபெர்ரி’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்ற சாறு. உள்ளே மாதுளை 0.3%, புளூபெர்ரி 0.2%, ஆப்பிளும் திராட்சையும் 99.4%. எங்கள் பாக்கெட் அதன் பக்கத்தில் வைத்தால் அரிச்சந்திரன். 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லேபிள் உணவு விதிகளுக்கு உட்பட்டது என்பதாலேயே போட்டி நிறுவனம் வழக்குப் போடுவதைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வாங்குகிறவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை என்று வாதம் வந்தபோது, தானும் அதை மாதுளைச் சாறு என்றே நினைத்ததாக நீதிபதி கென்னடி சொல்லியிருக்கிறார். அங்கே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்னும் படித்தால், 2016-ல் ஜூரி கோகோ கோலா பக்கமே தீர்ப்பளித்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த ‘அப்பாடா’ எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு வழியாக மார்க்கெட்டிங்குக்கு ஒரு மெயில் போட்டேன். ‘முடிந்தால்’, ‘அடுத்த அச்சின்போது’, ‘ஒரு யோசனை மட்டும்’ என்று மூன்று மெத்தை போட்டு, ஆப்பிளைச் சற்று முன்னால் கொண்டுவரலாமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“ஆப்பிள் இருக்கே சார். இலைக்குப் பின்னாடி.”

“தெரியும். அது பீட்ரூட் மாதிரி இருக்கு.”

“அப்படியா? உங்க ஃபார்ம்ல ஒண்ணும் மார்க் பண்ணலையே.”

நான் மார்க் பண்ணவில்லைதான். அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்று போனை வைத்தார். அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசினேனா என்றால், இல்லை. இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை ஆடிட் ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்னொரு முறை யாரும் வரவில்லை, நானே பேச்சை மாற்றி கேரட்டின் பி.எச். பற்றிச் சொன்னேன். கவனமாகக் குறித்துக்கொண்டார். வேலையில் கெட்டிக்காரர், எண்களில் பிழையே விடுவதில்லை, முன்னைவிட வேகமாகவும் முடிக்கிறார்.

போன வாரம் மாதுளைச் சாறு லேபிள் மேசைக்கு வந்தது. நேராக 17-வது கட்டத்துக்குத்தான் போனேன். ‘பொருந்தாது’. இந்த முறை மையில் எழுதியதில்லை. டெம்ப்ளேட்டிலேயே டைப் செய்து வைத்துவிட்டார்கள்.