இஷாப்பூர் துப்பாக்கியின் கட்டையைப் புதுப்பிக்கப் போய்ப் பட்ட பாடு

லீ-என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் இருக்கும் மரத்தை, கழற்றாமல் தோளில் முட்டும் பின்கட்டையின் போல்ட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். முப்பது வருஷமாக இதுதான் தொழில் என்று சொல்கிறவரையும் சேர்த்துத்தான்.

என்னுடையது இஷாப்பூர் 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு, லீ-என்ஃபீல்டின் பழைய நம்பர் 1 மார்க் 3 வடிவத்தை வைத்துக்கொண்டு 7.62 நேட்டோ தோட்டாவுக்காக மேற்கு வங்கத்தில் செய்த ரகம். இதில் 1967 என்று குத்தியிருக்கிறது. ராணுவம் கழித்ததில் நிறைய அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தன. ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே நான் இருக்கும் பக்கம் இதை வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்தியாவில் செய்தது என்ற பாசத்தில் வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் கட்டை முழுக்கப் பாலியுரித்தேன் வார்னிஷ் அடித்துக் கண் கூசும்படி வைத்திருந்தார். ராணுவப் பூச்சு அப்படியே இருக்கும் துப்பாக்கி என்றால் தொடவே வேண்டாம், மதிப்பு இறங்கிவிடும். இது ஏற்கெனவே கெட்ட கேஸ் என்பதால்தான் இறங்கினேன்.

பின்கட்டையை ரிசீவரோடு, அதாவது துப்பாக்கியின் நடு இரும்பு உடலோடு, பிடித்திருப்பது ஒரே ஒரு நீள போல்ட். பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே ஆழமாக ஒரு துளை போகும். அதில் தோல் அடைப்பு இருந்தால் முதலில் அதை இழுத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்காமல் வழுக்கும். அதற்கும் அடியில்தான் போல்ட்டின் தலை. அத்தனை ஆழத்துக்குப் போகும் அகல நுனி ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இல்லை. சரி, பிரித்து மட்டும் தரட்டும் என்று பக்கத்து ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், அந்த போல்ட்டின் மறுமுனை சதுரம். அது ரிசீவரைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்னால் இருக்கும் சின்ன இரும்புத் தகட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். போல்ட் தானாக இளகாமல் இருக்க அந்த ஏற்பாடு. முன்கட்டை இருக்கும்போதே திருகினால் சதுரம் தகட்டை நெம்பும், தகடு மரத்தைப் பிளக்கும். இதைக் கவுன்டரிலேயே சொன்னேன். தலையாட்டினார். திரும்பி வந்தபோது முன்கட்டையின் வால் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. பல இஷாப்பூர் துப்பாக்கிகளில் பிளவுக்குப் பயந்து முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு போட்டிருப்பார்கள், இதிலும் இருக்கிறது. அதுவும் இந்த அடாவடியைத் தாங்கவில்லை. கேட்டால், 'பழைய மரம், அப்படித்தான் ஆகும்' என்கிறார். பில்லில் கூலி தனியாக இருந்தது. பேசிப் பேசிக் கூலியை எடுக்க வைத்தேன், கட்டைக்கு ஒரு காசு பெயரவில்லை.

இங்கே சட்டப்படி துப்பாக்கி என்பது ரிசீவர்தான், கட்டை வெறும் மரம். அதனால் பிரிக்கும் வேலையை நீங்களே செய்துகொண்டு, தேவைப்பட்டால் மரத்தை மட்டும் யாரிடமாவது கொடுங்கள். தச்சரிடம்கூடக் கொடுக்கலாம். நல்ல ஸ்க்ரூடிரைவரின் விலை அந்தக் கூலியைவிடக் குறைவு என்பதைக் கடைசியில் வாங்கும்போது பார்த்தேன், வயிறு எரிந்தது.

வெடிப்பை ஒட்டுவது தனிக் கதை. பல வருஷத் துப்பாக்கி எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. பட்டுப்புடவையில் எண்ணெய் பட்டால் முகப்பவுடர் தூவி வைப்போமே, அதே தத்துவம்தான்: சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். வெள்ளைப் பொடி பழுப்பாகி வரும். பழுப்பு வராத வரைக்கும் திரும்பத் திரும்ப அப்பினேன். அப்புறம் மெதுவாக இறுகும் எபாக்ஸி பசை. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் அது இளகி விரிசலுக்குள் தானே இறங்குகிறது. ரப்பர் குழாயால் இறுக்கிச் சுற்றி விட்டுவிட்டேன். இப்போது உற்றுப் பார்த்தால்தான் கோடு தெரியும். இந்த மொத்த வேலையிலும் எனக்குப் பெருமை தந்தது இது ஒன்றுதான்.

பாலியுரித்தேனை உரிப்பதிலும் ஓர் அலைச்சல். பழைய வழிகாட்டிகள் சொல்லும் ஸ்ட்ரிப்பர்களில், அதாவது பூச்சை உரிக்கும் ரசாயனங்களில், மெத்திலீன் குளோரைடு இருக்கும். மூடிய இடத்தில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. 2019இல் கடைகளில் பொதுமக்களுக்கு அப்படிப்பட்ட ஸ்ட்ரிப்பரை விற்பதை இங்கே தடை செய்துவிட்டார்கள். கடைப் பையனோ, 'அதே சரக்குதான், லேபிள் மட்டும் புதுசு' என்று ஆரஞ்சு வாசனை ஜெல் ஒன்றைக் கொடுத்தான். கட்டை மணத்தது, பூச்சு அசையவில்லை. பென்சைல் ஆல்கஹால் கலந்த வேறொன்றுதான் வேலை செய்தது. அதுவும் தடவிப் பிளாஸ்டிக் தாள் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால்தான். அவசரத்தில் ஓவன் கிளீனர் பக்கம் போகாதீர்கள். அதில் இருக்கும் காரம் மரத்தைக் கறுப்பாக்கிவிடும். பாத்திரம் கழுவும் மெஷினில் கட்டையைப் போடச் சொல்லும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அமுங்கிய பள்ளங்களை ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் நீராவி காட்டித் தூக்கினேன். அமுங்கிய நார் எழும்பும், வெட்டுப்பட்டது எழும்பாது.

உப்புத்தாளை முடிந்தவரை ஒதுக்குங்கள். தேய்க்கத் தேய்க்க முத்திரைகள் போய்விடும், இரும்பு ஓரத்தைவிட மரம் தாழ்ந்துவிடும். முன்கட்டைக்கு உள்ளே, ரிசீவர் வந்து முட்டும் இரண்டு முகங்கள் பக்கம் உப்புத்தாள் போகவே கூடாது. சுடும்போது வரும் உதையைத் தாங்குவது அவைதான். அங்கே இடைவெளி விழுந்தால் குறியும் தவறும், கட்டையும் மறுபடி பிளக்கும். ஸ்டீல் வுல் என்ற மெல்லிய இரும்பு நாரும் வேண்டாம். அதன் துகள் மரத்தில் தங்கி ஈரம் பட்டால் கரும்புள்ளி விழும்.

எண்ணெய் வாங்கும்போது லேபிளை முழுசாகப் படியுங்கள். டங் ஆயில் (டங் மரக் கொட்டை எண்ணெய்) ஃபினிஷ் என்று விற்பதில் பல, வார்னிஷும் டர்பன்டைன் மாதிரி திரவமும் கலந்தவை. பழைய ராணுவ வழக்கம் எதுவும் சேர்க்காத ஆளிவிதை எண்ணெய். ஆனால் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். கடையில் 'பாயில்ட்' என்று விற்பது உண்மையில் காய்ச்சியதல்ல, சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்தது. நான் அதைத்தான் போட்டேன். உள்ளங்கைச் சூடு ஏறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானே பற்றிக்கொள்ளும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா பற்றி எரிந்தது, 22ஆம் மாடியில் மரவேலைக்காரர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணியால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். துணியைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது முதலில் பின்கட்டை, அப்புறம்தான் முன்கட்டை. சதுர முனை தகட்டுப் பள்ளத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள், அடித்து ஏற்றாதீர்கள். முதல் தடவை சுட்டுவிட்டு வந்ததும் டிரிகர் கார்டின் (விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தின்) முன் திருகையும் சோதித்துப் பாருங்கள். என்னுடையது இளகித்தான் இருந்தது.