ஷட்டருக்கு அடியில் ஒரு செங்கல்

2012-இல் மேட்டூர் அணை திறந்தது செப்டம்பர் 17-ஆம் தேதி. வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 போய், அதோடு குறுவை நெல்லும் போய், அடுத்த பட்டமான சம்பாவாவது கரையேறுமா என்று டெல்டாவே வானத்தைப் பார்த்த வருஷம். நான் அப்போது கோரையாற்றுப் பாசனப் பகுதியில் உதவிப் பொறியாளர். காவிரித் தகராறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கர்நாடகம்தான் ஞாபகம் வரும். என் மேஜைக்கு வந்த புகார்களோ பெரும்பாலும் மேல் மடைக்காரர்கள், அதாவது வாய்க்காலில் முதலில் தண்ணீர் எடுப்பவர்கள் மேல்.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. வரத்துக் குறைந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் நாள் பிரித்து முறை வைத்துத்தான் விட வேண்டும். மேலே உள்ள வாய்க்கால்களை அடைத்தால்தான் கடைசியில் இருக்கும் கடைமடையான முத்துப்பேட்டைப் பக்கம் தண்ணீர் ஏறும். மதகுகளைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் அடைத்துவிட்டு நோட்டில் எழுதுவார். நோட்டில் எல்லாம் சரி, கடைமடை வாய்க்காலில்தான் ஈரமே இருக்காது.

அங்கிருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, அடைச்சிருக்குன்னு எழுதிட்டுப் போயிடாதீங்க. காலை வச்சுப் பாருங்க."

இறங்கினேன். ஷட்டரை ஒட்டி நின்றதும் காலடியில் இழுப்பு தெரிந்தது. கையை விட்டுத் துழாவினால் பலகைக்கு அடியில் ஒரு செங்கல், இடுக்கில் வைக்கோல். திருகு அதற்கு மேல் இறங்காது. சாவி போட்டுத் திருகியவருக்கு அடைத்தாயிற்று என்றே தோன்றும். வேலை தெரிந்த ஆள்தான் வைத்திருக்க வேண்டும்.

வழக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. மேல் மடையில் எல்லாரிடமும் போர் (ஆழ்துளைக் கிணறு) கிடையாது. இல்லாதவர் கண்ணெதிரே பயிர் காயும்போது பக்கத்தில் ஓடும் தண்ணீரைச் சும்மா விடுவாரா? ஆனாலும் நியாயம் கடைமடைப் பக்கம்தான். கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், ஆற்றை விட்டால் வேறு வழியில்லை.

அப்புறம் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். முறை நாட்களில் கடைமடை ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து மேல் மதகுகளில் ராத்திரி படுத்துக்கொள்வது, மேல் ஊர்க்காரர்களும் கூடவே இருப்பது. முதலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். மதகில் போலீஸ் காவல் நின்றபோதும் நடந்த தண்ணீர்த் திருட்டு இப்போது குறைந்தது. மழையும் ஏமாற்றியதால் கடைமடையில் நிறைய வயல் கருகத்தான் செய்தது.

அடுத்த வருஷமும் இந்த ஏற்பாடு வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் மேல் மடைக்காரர்கள். கூடவே ஒரு நிபந்தனை: அவர்கள் ஆட்களும் கடைமடைக்குப் போவார்களாம், தண்ணீர் வயலுக்குப் போகிறதா, கடலுக்குப் போகிறதா என்று பார்க்க!