நீல இன்ஹேலரை மட்டும் நம்பாதீர்கள்

தைப்பூசக் கற்பூரப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சில ஆண்டுகளில் வந்து கவியும் புகைமூட்டம். பினாங்கில் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலருக்கு மருந்தே நுரையீரலுக்குப் போய்ச் சேருவதில்லை.

முதலில் இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, இன்ஹேலரின் வாய்ப்பகுதியை உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி மூச்சைப் பிடித்து வையுங்கள். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடம் பொறுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். இன்ஹேலரில் பொருத்தும் குழாயான ஸ்பேசர் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். அதைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் உண்டாகி மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் மருந்து மூச்சுக்குழாயின் இறுகிய தசையை நாலைந்து மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதனால்தான் ஜீனா எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்களுக்கு அதை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று 2019-இலேயே சொல்லிவிட்டது. வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். பெயரைக் கேட்டுப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. இந்த இன்ஹேலர்களில் வரும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டின் குறைந்த அளவு நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். ஒரே ஒரு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு மாத்திரையில் 5,000 மைக்ரோகிராம்! இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரலாம்.

நீல டப்பாவில் பெரும்பாலும் 200 அழுத்தல்கள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு சீறும், ஏமாந்துவிடாதீர்கள்.