ஆறாம் தரத்துக்கு இடம் எடுத்தல்: வன்னிப் பெற்றோருக்கான நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இன்று முடிந்தது. உதவிப்பணத்துக்கும், வேறு பாடசாலையில் ஆறாம் தர இடத்துக்கும் இந்தப் புள்ளிதான் கணக்கு. காலையில் இரண்டாம் வினாத்தாள், 60 கேள்வி, ஒன்றேகால் மணித்தியாலம். இடைவேளைக்குப் பிறகு முதலாம் வினாத்தாள், 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். இரண்டும் சேர்ந்து 200 புள்ளி. படலையடியில் நின்று "அந்தக் கணக்குக்கு என்ன விடை போட்டனி?" என்று பிள்ளையைக் குடையாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை. இன்று கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுத்து, விளையாட விடுங்கள்.

இனி வேலை பெரியவர்களுக்குத்தான். பெறுபேறு வந்த பிறகு ஓடித் திரிவோம் என்று இருந்தால், அப்போது பிரதேச செயலகத்திலும் போட்டோக் கொப்பிக் கடையிலும் ஒரே சனமாக இருக்கும். கடதாசி வேலைக்கு இந்தக் கிழமைகள்தான் நல்ல காலம்.

ஆகஸ்ட் 16, சனி

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். பக்கத்தில் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையையும் பரீட்சை அனுமதி அட்டையையும் வையுங்கள். மூன்றிலும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சான்றிதழில் 'பவிசன்', பாடசாலை இடாப்பில் 'பவிஷன்'. ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கும், மற்றதில் இராது. தரம் ஒன்றில் சேர்க்கும்போது யாரோ வாயால் சொல்ல, யாரோ எழுதியது அப்படியே ஐந்து வருடம் ஓடியிருக்கும். புதிய பாடசாலையில் சேர்க்கும் நாளில் இது கட்டாயம் கண்ணில் படும். அன்றைக்குப் பிடிபடாவிட்டால் பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது வரும். அப்போது திருத்துவது இதைவிடச் சிரமம்.

பிழை பாடசாலை இடாப்பில் என்றால் அதிபரிடம் சான்றிதழின் மூலப்பிரதியையும் ஒரு கடிதத்தையும் கொடுத்துத் திருத்தலாம். பிழை சான்றிதழில்தான் என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். தகப்பன் விபரம் இல்லாத சான்றிதழ்களுக்கும், தாய் தகப்பனின் கலியாணம் பதியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே மேசைதான். இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, மீளக் குடியேறிய எங்கள் பக்கத்தில் இப்படியான கடதாசிக் குறைகள் எத்தனையோ வீட்டில் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதிவுத் திருத்தம் ஒரு நாளில் முடியாது, அதனால் இப்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். விண்ணப்பம் கொடுத்த பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள். திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட அது போதும், பெரும்பாலான அதிபர்மார் பொறுத்துக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைய சந்திப்பில் வந்த பெற்றோரில் அரைவாசிப் பேருக்கு உண்மையில் விண்ணப்பமே தேவையில்லை. உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலையில் ஆறாம் தரமும் இருந்தால், பிள்ளை ஜனவரியில் அதே வளவில் அடுத்த வகுப்புக்குப் போகும். பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தாலும் அந்த இடம் அதுக்கு உண்டு. வேறு பாடசாலை வேண்டும் என்றால் மாத்திரம் விண்ணப்பம்.

சில ஆரம்பப் பாடசாலைகள் ஐந்தோடு முடியும். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களின் உட்கிராமங்களில் அப்படியானவை உண்டு. அங்கே படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் எப்படியும் மாறத்தான் வேண்டும். வழமையாக எந்தப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள் என்று உங்கள் அதிபரிடமும் வலயக் கல்விக் கந்தோரிலும் இப்போதே கேளுங்கள். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் இந்த நாட்டுச் சட்டம். புள்ளி குறைந்த பிள்ளைக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பாடசாலையின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் (12, 13ஆம் தரங்கள்) விஞ்ஞான, கணிதப் பிரிவுகளும் உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம். வகை 2 என்றால் பதினோராம் தரத்தோடு முடியும். வகை 2 பாடசாலையில் ஆறாம் தரத்தைத் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை. சாதாரண தரத்துக்குப் பிறகு ஒருமுறை மாறவேண்டும், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 4, வியாழன்

நேற்று இரவு பெறுபேறு வந்துவிட்டது. விடியற்காலையிலேயே ஒரு தாய் வந்து கேட்டது: "ரீச்சர், பிள்ளை பாஸா பெயிலா?"

இந்தப் பரீட்சையில் பெயில் என்ற ஒன்று கிடையாது. ஒவ்வொரு வினாத்தாளிலும் 35, மொத்தம் 70 எடுத்த பிள்ளை அந்த வயதுக்கு வேண்டியதைக் கற்றிருக்கிறது என்று எடுக்கலாம். அதற்கு மேலே இரண்டு கோடுகள் உண்டு. இரண்டையும் எல்லோரும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள்.

ஒன்று மாவட்ட வெட்டுப்புள்ளி. பெறுபேற்றோடு பரீட்சைத் திணைக்களம் மாவட்ட வாரியாக, மொழிமூல வாரியாக வெளியிடுவது. இது உதவிப்பணத்துக்கான கோடு. அதைத் தாண்டினாலும் வீட்டு வருமானம் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால்தான் பணம் வரும். அதற்கான வருமான உறுதிப்படுத்தலுக்கு விதானையாரிடம் (கிராம அலுவலர்) போகவேண்டும்.

மற்றது பாடசாலை வெட்டுப்புள்ளி. இது கல்வி அமைச்சு பிறகு வெளியிடுவது. ஒவ்வொரு பாடசாலைக்கும், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும், மொழிமூலத்துக்கும் வேறு வேறு. மாவட்டக் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு விரும்பிய பாடசாலை கிடைக்காமல் போகலாம். மாவட்டக் கோட்டுக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஒன்று கிடைக்கவும் செய்யும். எனவே இன்று வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது என்று வீட்டில் இழவு விழுந்ததுபோல் இருக்காதீர்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெறுபேற்றில் சந்தேகம் என்றால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். கெடு சில நாட்கள்தான். பரீட்சைத் திணைக்களத்தின் இலக்கம் 1911, தமிழிலும் பேசலாம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

விண்ணப்பத்தில் பாடசாலைகளை எந்த ஒழுங்கில் எழுதுவது? இதிலேதான் அதிகம் பிழை விடுகிறார்கள்.

கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் பிள்ளையின் புள்ளியை எழுதுங்கள். வருடத்துக்கு வருடம் கோடு ஏறி இறங்கும்; வினாத்தாள் கடினமா இலகுவா என்பதைப் பொறுத்தது அது. இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பப் பிரிவு உள்ள பெரிய பாடசாலையில் ஆறாம் தர இடங்களில் கூடுதலானவை அந்தப் பாடசாலையின் சொந்த ஐந்தாம் தரப் பிள்ளைகளாலேயே நிரம்பிவிடும். வெளியிலிருந்து எடுக்க மிஞ்சும் இடம் குறைவு, அதனால் கோடு மேலே போகும். அங்கே கற்பித்தல் எப்படி என்பதை அந்த இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பிள்ளையின் புள்ளிக்கு எட்டாத மூன்று பெயரை எழுதிவிட்டு 'ஒன்று கிடைக்கும்' என்று இருப்பவர்கள் வருடாவருடம் உண்டு. எட்டக்கூடியது ஒன்று, சரியாகப் பொருந்துவது ஒன்று, நிச்சயமாகக் கிடைப்பது ஒன்று என்று எழுதுங்கள். போக மனமில்லாத பாடசாலையை வெறுமனே இடம் நிரப்ப எழுதவேண்டாம். கிடைத்தால் போகவேண்டி வரும்.

செப்டெம்பர் 27, சனி

யாழ்ப்பாணமா, இங்கேயா?

யாழ். இந்துக் கல்லூரியும் வேம்படி மகளிரும் கனவாக இருப்பதில் பிழையில்லை. ஆனால் வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர், கிளிநொச்சி மத்திய கல்லூரி, முள்ளியவளை வித்தியானந்தா, மன்னார் புனித சவேரியார் ஆகியவற்றைத் தாண்டிப் போவதற்கு முன் ஒரு விசயத்தைப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்துத்தான் கணக்கு. ஆறாம் தரத்தில் யாழ்ப்பாணம் போகும் பிள்ளை உயர்தரம்வரை அங்கேயே இருந்துவிடுவதுதான் வழமை. இதை எடைபோடாமல் பத்து வயதில் விடுதிக்கு அனுப்பாதீர்கள்.

விடுதி தேவையான பிள்ளைகளும் உண்டுதான். அப்படியானால் விடுதிப் பொறுப்பாளரை நேரில் பாருங்கள். கிணறு, மலசலகூடம், இரவில் யார் நிற்பது, காய்ச்சல் வந்தால் யாருக்கு அறிவிப்பது, எல்லாவற்றையும் கேட்டே ஆகவேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

பாதை. எங்கள் பக்கத்தில் பாடசாலை தெரிவில் இதுவே முதலாவது என்பேன், புள்ளிகூட அதற்குப் பிறகுதான்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். உங்கள் சந்தியில் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, மாணவரை ஏற்றுகிறதா, பின்னேரம் திரும்ப என்ன உண்டு என்று ஒரு வேலை நாளில் நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு "அரை மணித்தியாலம்தான்" என்று சொல்வது கணக்கில்லை. மாரியில் போய்ப் பார்த்தால் தெரியும்: மதகு இருக்கும் இடத்தில் கிரவல் கரைந்து, ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, தண்ணீர் சாம்பல் நிறத்தில் குறுக்கே ஓடும். ஆழம் பெரியவருக்கு முழங்கால், பிள்ளைக்கு இடுப்பு. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் கண்டாவளைப் பக்கம் என்ன ஆகும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் விடியப்புறமும் பொழுதுபட்டும் யானை நடமாட்டம். ஆறு மணிக்கு முன் பிள்ளை தனியே நடந்து சந்திக்கு வரவேண்டிய பாடசாலையை, எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், நான் பட்டியலின் அடியில்தான் போடச் சொல்வேன். மாரியில் ஒரு மாதம் தவறவிட்ட பிள்ளை கணிதத்தில் பின்தங்கிப் பிறகு எழும்பக் கஷ்டப்படும்.

ஒக்டோபர் 25, சனி

புதிய பாடசாலையிடம் கேட்கவேண்டியவை. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளை ஆறாம் தரத்தில் எடுக்கும். பெயர்ப்பலகையில் நான்கும் இருக்கும். ஆசிரியர் எதற்கு இருக்கிறார் என்று கேளுங்கள். ஆங்கில மொழிமூல வகுப்பு உண்டென்றால் அது பதினோராம் தரம்வரை தொடர்கிறதா என்றும் கேளுங்கள். எட்டாம் தரத்தில் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போக, பிள்ளைகள் இடையில் தமிழ் மொழிமூலத்துக்குத் திரும்பினால் விஞ்ஞானக் கலைச்சொற்கள் எல்லாம் புதிதாகப் படிக்கவேண்டும்.

பணம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் வசதிக் கட்டணத்துக்கும் உரிய தொகைக்குப் பற்றுச்சீட்டு உண்டு. அனுமதிக்காக என்று, பற்றுச்சீட்டில்லாமல், கதிரை மேசை வாங்க என்று கேட்டால் கொடுக்கவேண்டாம். கல்வி அமைச்சின் இலக்கம் 1988, இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. ஏழைத் தகப்பன் வட்டிக்கு எடுத்துக் கொடுக்கும் காசு அது. பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

கிடைக்காவிட்டால் மேன்முறையீடு, கல்வி அமைச்சின் இணையத்தளத்தினூடாக. அங்கேயும் பிள்ளையின் புள்ளியும் அந்தப் பாடசாலையின் வெற்றிடமும்தான் பேசும். வீட்டுக் கஷ்டத்தை நாலு பக்கம் எழுதுவதைவிட, வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும் பாடசாலையைத் தெரிவது பிரயோசனம். கணினி நிலையத்தில் யாரேனும் நிரப்பித் தந்தால் அனுப்புமுன் பிள்ளையின் பரீட்சைச் சுட்டெண்ணை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். தொலைபேசி இலக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரருடைய இலக்கத்தைப் போட்டால் செய்தி அவருக்குத்தான் போகும்.

புதிய பாடசாலையின் அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் விடுகைப் பத்திரம் எடுக்கவேண்டாம். எடுத்துவிட்டால் பழைய இடாப்பிலிருந்து பெயர் போய்விடும், புதியதில் இன்னும் ஏறியிராது.

கடிதம் வந்தபின் கொண்டுபோவது: விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் மூலமும் இரண்டு பிரதியும், பெறுபேற்றுப் பிரதி, கடைசி முன்னேற்ற அறிக்கை, பிள்ளையின் தடுப்பூசி விபரம் உள்ள சுகாதாரப் பதிவேடு. பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்தில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி இரண்டு தடவை போடுவார்கள், 2017 முதல் நடைமுறை. முதலாவதை ஓரிடத்தில் போட்டுவிட்டு மாறினால் அட்டை இல்லாமல் கணக்குத் தவறும்.

மழை தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் கோவைக்குள் வையுங்கள். பஸ் பருவகாலச் சீட்டுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) சாலையில் படிவம் வாங்கி வைத்தால், சேர்க்கும் அன்றே புதிய அதிபரின் கையொப்பத்தையும் எடுத்துவிடலாம். பிள்ளையின் படம் இரண்டு தேவைப்படும்.