லீட் கிட்டார்: வேகத்துக்கு முன் சுருதி

லீட் கிட்டார் (பாட்டின் மெட்டையும் தனி வாசிப்பையும் ஏந்தும் கிட்டார்) கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் தேடுகிறார்கள். சுருதியை முதலில் தேடுங்கள் என்பேன். 5-ஆவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்) தொடங்கும் ஏ மைனர் பென்டடானிக் வடிவத்தை (ஏ, சி, டி, ஈ, ஜி என ஐந்தே ஸ்வரங்கள்) தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமுடன் நிதானமாக வாசித்து வந்தாலே ஹாமர்-ஆன் (ஒலிக்கும் தந்தியில் இன்னொரு விரலைத் தட்டி அடுத்த ஸ்வரத்தை எழுப்புவது), ஸ்லைடு (விரலைத் தந்தியோடு சறுக்கி நகர்த்துவது) இரண்டும் ஓரளவு கைக்கு வந்துவிடும். புல்-ஆஃபில் (அழுத்திய விரலை எடுத்துக் கீழ் ஸ்வரத்தை ஒலிக்கவிடுவதில்) மட்டும் விரலை நேராகத் தூக்கினால் ஒலி மங்கிவிடும். தந்தியை லேசாகக் கீழ்நோக்கிச் சுண்டியபடி எடுக்க வேண்டும்.

தந்தியை வளைத்து ஸ்வரத்தை உயர்த்தும் பெண்டிங்தான் உண்மையான சோதனை. மூன்றாம் தந்தியின் (மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி) 7-ஆவது ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே தந்தியில் அதற்குப் பின்னால் துணைக்கு நிறுத்தி, விரல் பலத்தை நம்பாமல் மணிக்கட்டைத் திருப்பித் தந்தியை மேலே தள்ளினால், டி ஸ்வரம் முழுதாக ஈ வரை உயர வேண்டும். உயர்ந்ததா என்று அறிய, இரண்டாம் தந்தியின் 5-ஆவது ஃப்ரெட்டை வாசித்து ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவும் ஈ-தான். பாதி வழியில் நிற்கும் பெண்டிங்கைப் போலக் காதை உறுத்துவது வேறில்லை. (கனமான தந்தி பூட்டிய அகூஸ்டிக்கில் இதை முயல்பவர்களின் பொறுமைக்கு என் வணக்கம்.) இடையே மற்ற தந்திகள் இரைந்தால், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்கும் கையின் உள்ளங்கை ஓரத்தை அவற்றின் மீது மெல்லப் பதித்தால் அடங்கிவிடும்.